இளவேனிலும் பேராதனையும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்த தமிழர், மாசியையும் பங்குனியையும் பின்பனிக்காலம் என்றனர். சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். இலங்கைத் தீவிலே பனியும் வேனிலும் நூல்களிற் கூறப்பட்டவாறு பிரிந்து தோன்றுவன அல்ல. ஆயினும், கடல்மட்டத்துக்கு மேலே ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த கண்டியிலும் அதன் சூழலிலும் வாழ்வோர்க்கு இப்பருவமாற்றம் நன்கு புலனாகும். தைமாதத்தின் பிற்கூற்றிலிருந்து மழை குறையும், வானம் தெளியும், இரவிலே குளிர் நிற்கும். பேராதனைப் பல்கலைக்கழகச் சாலைகளில், மாணவர்கள் 'ரோபரோசியா' என்று வழங்கும் மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்புப் பூக்களைச் சொரியும். சித்திரை நெருங்கும்போது, சிங்கள மக்கள் 'எறபது' என்றும் தமிழர் முள்முருக்கு என்றும் கூறும் மரம் சிவந்து நிற்கும், குயில் கூவும், பிற்பகல்களில் இடியோடு கூடிய மழை தொடங்கும்.

மழை ஓய்ந்திருக்கும் இந்த இரண்டு மூன்று திங்களே, கண்டிச் சூழலில் மக்கள் திறந்த வெளியிற் கூடுதற்கு ஏற்ற காலம். கண்டி என்றதும் உலகோர் நினைவுக்கு வருவது ஆடி, ஆவணியில் நிகழும் எசல பெரஹரா. அதன் புகழ் பெரிது. ஆனால், ஆண்டின் முற்பகுதியிலே இம்மலைநாட்டில் நிகழும் கூட்டங்களைப் பற்றி வெளியார் அறிந்தது சிறிது. கண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளையிலே, முத்துமாரியம்மன் கோவிலில் மாசிமகத்தை ஒட்டி ஐந்து தேர்கள் வீதிவலம் வரும். சூழவுள்ள தேயிலைத் தோட்டங்களிலே அதே மாசியிற் காமன் கூத்து நிகழும். பேராதனையில் மாணவர் நாடகங்கள் திறந்தவெளி அரங்கை நாடும். அதன்பின் சித்திரையிலே, தமிழரும் சிங்களவரும் ஒரே கதிரவனின் ஒரே பெயர்ச்சியைக் கொண்டு புத்தாண்டு கொண்டாடுவர்.

இவையனைத்தும் ஒரு சில மைல் தூரத்துள் நிகழ்வன. ஆனால், ஒரு கூட்டத்துக்குச் செல்பவர் மற்றைய கூட்டத்துக்குச் செல்கின்றாரா? கல்விக்கூடத்திற் கூடுவோரும் மலைச்சரிவிற் கூடுவோரும் ஒருவரையொருவர் காண்கின்றனரா? வரவிருக்கும் பருவத்தை எண்ணும்போது கேட்கத்தக்க வினா இதுவே. ஒரு பல்கலைக்கழகத்தைக் கொண்டிருப்பதனால் மட்டும் ஓர் ஊர் கல்விநகரம் ஆகிவிடாது. அங்கே நூல் கற்றவனும் நூல் கல்லாத கலைஞனும் ஒருவர்க்கொருவர் ஆசிரியராய் அமையும்போதே அப்பெயர் பொருந்தும்.

பேராதனை இதனை ஒருகால் செய்து காட்டிய ஊர். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942ஆம் ஆண்டு கொழும்பிலே நிறுவப்பெற்றது. பத்தாண்டுகளின் பின், 1952இல், அது ஹந்தானை மலையடிவாரத்துக்கும் மகாவலி கங்கைக்கும் இடைப்பட்ட பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், புத்தாண்டு பிறந்த சில நாள்களின் பின், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முன்னிலையில் எடின்பரோக் கோமகன் அதனைத் திறந்துவைத்தார். பல்கலைக்கழகமோ முன்னரே இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, திறந்திருந்த ஒன்றைத் திறப்பதெவ்வாறு? அன்று நாட்டிய கல்வெட்டு, பல்கலைக்கழகம் வழக்கத்திலும் அதிகமாகத் திறந்திருப்பதாகக் கோமகன் அறிவித்தார் என்று பொறித்தது. நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட சொற்றொடரே அது. எனினும், ஒரு கல்விக்கூடத்துக்கு அதனினும் சிறந்த குறிக்கோள் இருத்தல் அரிது.

வாயில் வழக்கத்திலும் அதிகமாகத் திறந்ததற்குச் சான்று, பல்கலைக்கழக வளவிலுள்ள ஒரு பள்ளம். சிங்கள மொழியிலே 'வள' என்றால் பள்ளம். மரங்கள் சூழ்ந்த சரிவிலே, படிப்படியாக அமைந்த இருக்கைகளை உடைய திறந்தவெளி அரங்குக்கு மாணவர் இட்ட பெயரும் அதுவே. இன்று அது பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. 1914 முதல் 1996 வரை வாழ்ந்த சரச்சந்திரர், பாளி மொழியும் மெய்யியலும் இலக்கியமும் கற்றவர். ஆயினும், சிங்கள நாடகத்துக்கு ஒரு வடிவம் தேடியபோது அவர் நூலகத்தோடு நின்றுவிடவில்லை. கிராமங்களுக்குச் சென்று, அங்கு எஞ்சியிருந்த ஆட்டங்களைக் கண்டார். 1956ஆம் ஆண்டு அவர் அரங்கேற்றிய 'மனமே' நாடகத்துக்கு, நாடகமப் பாடல்மரபை நன்கறிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் கிராமியக் கலைஞர் துணைநின்றார். பல்கலைக்கழக மாணவர்கள் அவரிடம் இசைமரபைக் கற்றனர். ஒரு நாட்டின் நாடக வரலாற்றையே திருப்பிய நிகழ்வு அது. 1961இல் 'சிங்கபாகு' நாடகமும் தொடர்ந்தது.

இங்கே தமிழ் நேயர்கள் கருதவேண்டிய ஒன்றுண்டு. சரச்சந்திரர் கையாண்ட 'நாடகம' என்னும் ஆட்டவகை, பெயராலும் பிறப்பாலும் தமிழோடு தொடர்புடையது. தமிழ்க் கூத்துமரபு கரையோரச் சிங்கள மக்களிடையே பரவி, அவர்தம் மொழியும் இசையும் ஏற்று வளர்ந்த வடிவமே நாடகம. ஒருவர் கொடுத்தது மற்றவரிடம் வளர்ந்தது. வளர்ந்ததைக் கண்டு கொடுத்தவர் தம் சொத்தை மீளத் தேடிய கதையும் பேராதனையிலேயே நிகழ்ந்தது.

அக்கதைக்கு உரியவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். அவருக்கு முன்னரே, தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுத்தமிழை மேடைக்குக் கொணர்ந்து நாடகங்கள் எழுதியிருந்தார். பேச்சுவழக்கை இழிவழக்கு எனப் பலர் எண்ணிய காலத்தில் அது துணிவான செயல். வித்தியானந்தன் மற்றொரு திசையிற் சென்றார். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்மக்கள் விடியவிடிய ஆடிய நாட்டுக்கூத்து, படித்தவரின் பார்வையிற் பாமரர் பொழுதுபோக்காகவே அன்று இருந்தது. அதனை ஆடுவிக்கும் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவருவதென்பது எவர் எண்ணத்திலும் தோன்றாதது. 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', பின்னர் 'இராவணேசன்', 'வாலி வதை' எனப் பேராதனை மாணவர்கள் ஆடிய கூத்துகள் அந்நிலையை மாற்றின. 'இராவணேசன்' கூத்திலே இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளிற் பேராசிரியராகிக் கூத்தாய்விலே தம் வாழ்நாளைச் செலவிட்டார்.

இக்காலத்திலே பயிற்சிப் பட்டறை என்னும் சொல் பெருவழக்காயிற்று. இரண்டு நாள், மூன்று நாள் நடத்திச் சான்றிதழ் வழங்குவதோடு அது முடிந்துவிடுகின்றது. மட்டக்களப்புக் கூத்துக்களரியோ பன்னெடுங்காலமாய் ஒரு பட்டறைதான். அதன் ஒழுங்கு நோக்கத்தக்கது. ஊரார் கூடி எந்தக் கூத்து ஆடுவதென்று முடிவுசெய்வர். அண்ணாவியார் ஒவ்வொருவரின் குரலையும் உடலையும் நோக்கிப் பாத்திரத்துக்கு ஆளைத் தெரிவுசெய்வார். பின்னர், அவரவர்க்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுப்பார். இதற்குச் சட்டங் கொடுத்தல் என்று பெயர். தாளக்கட்டுகளும் ஆட்டமும் பல வாரம் பழக்கப்படும். கால் ஒழுங்குக்கு வந்தபின்னரே சதங்கை அணியும் நாள். அதன்பின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். அரங்கேறியபின் வீட்டுக்கு வீடு சென்று ஆடுதலும் உண்டு. வேளாண்மை வேலை ஓய்ந்திருக்கும் காலத்திலே பல திங்கள் நடக்கும் இப்பயிற்சியில், ஆடுபவன் மட்டுமன்றிப் பார்ப்பவனும் கற்கின்றான். களரியைச் சுற்றியிருந்து நாள்தோறும் கேட்ட சிறுவன், அடுத்த தலைமுறையின் ஆட்டக்காரன்.

பேராதனையில் நடந்த மாற்றம் குறையற்றதென்று கூறுதல் பொருந்தாது. இரவு முழுவதும் நீளும் கூத்தை ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்துக்குச் சுருக்கவேண்டியிருந்தது. நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்கும் வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் திறந்த மேடையாயிற்று. நகரத்தார் வியந்து பாராட்டினர். ஆனால், கிராமத்துக் களரிக்கு அதனால் என்ன பயன் என்ற வினாவும் பின்னர் எழுந்தது. கூத்தை ஊரிலிருந்து பெயர்க்காமல், ஊராரோடிருந்து, அவர்தம் களரியிலேயே கலந்துரையாடிப் புதுப்பிக்கவேண்டும் என்னும் கொள்கையை மட்டக்களப்பிலே சி. ஜெயசங்கர் முதலியோர் மீளுருவாக்கம் என்ற பெயரால் முன்வைத்தனர். இரு சாராரின் முயற்சியும் மதிக்கத்தக்கதே. முன்னவர் இல்லையேல் படித்தவர் கூத்தை மதித்திரார்; பின்னவர் இல்லையேல் மதிப்பு மேடையோடு நின்றிருக்கும்.

இனி, இவ்வரலாற்றில் எஞ்சிநிற்கும் ஓர் இடைவெளிக்கு வருவோம். கிழக்குக் கரையிலிருந்து மலைகளைக் கடந்து கூத்து பேராதனைக்கு வந்தது. ஆனால், பேராதனையைச் சூழ்ந்த அதே மலைகளில் ஒலித்த தப்பொலிக்கு அவ்வாறான வரவேற்புக் கிடைத்ததாகக் கூறுதற்கில்லை.

அம்மலைகளில் வாழ்வோரின் முன்னோர், 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்களுள், நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரிலே தேயிலையைப் பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் அத்தேயிலையே நாட்டின் செல்வமாயிற்று. அச்செல்வத்தைப் பறித்துக் கொடுத்தவரோ, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்பின் பல குடும்பங்கள் பிரிந்து கடல்கடந்தன. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடே பெரும்பாலும் தீர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதும் 1970களிலேயே. பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில் இருந்தும், மலைமேலிருந்த பிள்ளைகளுக்கு அதன் வாயில் நெடுங்காலம் எட்டாத் தொலைவிலேயே இருந்தது.

இம்மக்கள் கொண்டுவந்த உடைமைகளுள் ஒன்று காமன் கூத்து. மாசி அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் கம்பம் ஊன்றப்படும். நாள்தோறும், கொழுந்து பறித்தும் மலை வெட்டியும் களைத்த மக்கள் இரவிலே கூடுவர். கரும்பு வில் ஏந்திய மன்மதன், தவத்திலிருக்கும் சிவன்மீது மலர்க்கணை தொடுக்கச் செல்வதும், செல்லவேண்டாவென இரதி தடுப்பதும், நெற்றிக்கண் நெருப்பாற் காமன் எரிவதும், இரதி புலம்புவதும், பின்னர் அவன் உயிர்பெறுவதும் ஆட்டமாகவும் பாட்டாகவும் நிகழும். தப்பின் அடியே ஆட்டத்தை நடத்தும். இரதியாக ஆடுபவனும் ஆண்மகனே. நோன்பிருந்து வேடம் பூணுவான். நிறைமதியை ஒட்டிய தகனத்தின்போது தோட்டம் முழுவதும் விழித்திருக்கும்.

காமன் இளவேனிலின் தோழன். ஆகவே, பனி கழிந்து வேனில் வருவதை வரவேற்கும் விழா இது. சங்க நூலாகிய கலித்தொகையிலே காமன் விழாப் பற்றிய குறிப்புகள் உள. அத்துணைப் பழைமையுடைய விழாவொன்று, எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களின் நினைவிலும் காலடியிலும் தங்கி, கடல்கடந்து மலைமேல் வாழ்கின்றது. தமிழ்த்துறையில் கலித்தொகை பயிலும் மாணவன், அருகிலுள்ள தோட்டத்திலே அவ்விழாவின் தொடர்ச்சியைக் காணாது தேர்வு எழுதிச் செல்வானாயின், இழப்பு அவனுக்கே.

இழப்பு அவனோடு நிற்பதுமன்று. தோட்டத்து இளைஞர் இன்று தொழில்நாடிக் கொழும்புக்கும் பிற நகரங்களுக்கும் செல்கின்றனர். மாசியிற் சிலர் மீளுகின்றனர், பலர் மீளுவதில்லை. இரதியின் புலம்பலை முழுவதும் நினைவில் வைத்திருக்கும் முதிய வாத்தியார் மறையும்போது, அவரோடு ஒரு தோட்டத்தின் பாடமே மறைகின்றது. ஒவ்வொரு தோட்டத்துப் பாடமும் சிறிது வேறுபடுவதால், ஒன்றின் இழப்பை மற்றொன்று ஈடுசெய்யாது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தமையால் ஒரு பகுதி காக்கப்பட்டது. மலையகத்தவர் பலர் அப்பணியைத் தொடர்கின்றனர். எனினும், அச்சேறிய பாட்டு ஆட்டமாகாது. தப்பின் அடியையும் காலின் வைப்பையும் ஏட்டிலே எழுதிவைத்தல் இயலாது. ஒருவர் ஆட, மற்றொருவர் அருகில் நின்று பழகவேண்டும்.

ஆகவே, வரும் மாசிக்கும் சித்திரைக்கும் இடையிலே செய்யத்தக்கன சில உள. பெரும்பொருள் வேண்டுவன அல்ல. முதலாவது, கல்லூரி மாணவர்களும் நகரத்தாரும் காமன் கூத்து நடைபெறும் தோட்டங்களுக்கு, அங்குள்ளோரின் இசைவோடு செல்லுதல். படம்பிடித்து உடனே மீளும் விருந்தினராகச் சென்று பயனில்லை. கம்பம் ஊன்றும் நாள் தொடங்கித் தகனம்வரை சில இரவுகளேனும் உடனிருத்தல் வேண்டும். இரண்டாவது, பங்குனியிலே, கூத்து முடிந்து வாத்தியார் ஓய்ந்திருக்கும் வேளையில், அவரைக் கல்லூரிக்கு அழைத்தல். மேடையிற் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுதற்கன்று. மாணவர்க்கு அடவு பழக்கும் ஆசிரியராக அழைத்தல். பாடம் நடத்தும் விரிவுரையாளர்க்கு ஊதியம் உண்டு, இவருக்கும் உண்டு. ஒரு நாள் வருகை ஒரு நாட்கூலியின் இழப்பு என்பதை அழைப்போர் மறத்தலாகாது. எழுதப்படும் நூலிலும் பதியப்படும் ஒலிநாடாவிலும் அவர் பெயர் முதலில் நிற்கவேண்டும். படியொன்று அத்தோட்டத்துப் பாடசாலையில் இருக்கவேண்டும். மூன்றாவது, சிங்கள மாணவரும் இதிற் பங்குகொள்ளுதல். தமிழ்க் கூத்து சிங்கள நாடகமவாக மலர்ந்த வரலாற்றை அறிந்த நாட்டிலே, இதற்கு மொழி தடையாகாது. 'வள'வின் படிகளிலிருந்து 'மனமே'யைக் கண்ட தமிழ் மாணவர் பலர். அதே படிகளிலிருந்து இரதியின் புலம்பலைக் கேட்கும் சிங்கள மாணவரும் உருவாகவேண்டும்.

இவற்றாற் கலை கெடும் என்று அஞ்சுவோர் உண்டு. அவ்வச்சம் முற்றும் தவறன்று. தோட்டத்து மக்களுக்குக் காமன் கூத்து பொழுதுபோக்கன்று. அது நேர்த்திக்கடனும் நோன்பும் ஆகும். ஆதலால், எதனை வெளியார்க்குக் கற்பிக்கலாம், எதனைக் கம்பத்தடியிலே மட்டும் வைத்திருக்கவேண்டும் என்பதை முடிவுசெய்யும் உரிமை அம்மக்களுக்கே உரியது. கல்லூரி கேட்கலாம், கட்டளையிடலாகாது. கூத்தைச் சுருக்கியதனால் எழுந்த வினாக்களிலிருந்து பேராதனை கற்கவேண்டிய பாடமும் இதுவே.

மாசியின் தகனமும் பங்குனியின் வெயிலும் கழிந்து சித்திரை பிறக்கும்போது, மலைநாட்டின் ஊர்களிலே ஒரு வழக்கத்தைக் காணலாம். தமிழர் வீட்டிலிருந்து பலகாரத்தட்டு வேலிகடந்து சிங்களவர் வீட்டுக்குச் செல்லும். சிங்களவர் வீட்டிலிருந்து கொக்கிசும் கெவுமும் இப்பால் வரும். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது வழக்கமன்று. கல்விக்கும் கலைக்கும் உரிய ஒழுங்கும் இதுவே. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலைச்சரிவு மக்களின் உழைப்பைப் பெற்ற நாட்டிலே, அவர்களின் கலையையும் பெற்றுக்கொண்டு வெறுந்தட்டை மீட்டனுப்புதல் அறமாகாது. அவர்தம் பிள்ளைகள் அதே பல்கலைக்கழகத்தின் வாயிலைக் கடந்து, கற்போராகவும் கற்பிப்போராகவும் வருதலே அத்தட்டில் வைத்துக் கொடுக்கத்தக்க பண்டம். வரும் இளவேனிலிலே அவ்வாயில் வழக்கத்திலும் அதிகமாகத் திறப்பதாக.